கிளீனர் இல்லாத லாரி

2019 ஜூன் மாதம் ஒன்றிய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. லாரி, பேருந்து போன்ற போக்குவரத்து வாகனங்களை ஓட்ட உரிமம் பெறுவதற்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி எடுக்கப்படும் என்றது அது. சொன்ன காரணங்களில் ஒன்று, சரக்குப் போக்குவரத்துத் துறையில் ஏறத்தாழ 22 லட்சம் ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை நிலவுகிறது என்பது. விதி போயிற்று. ஆறு ஆண்டு கழித்து, 2025-இல், ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி சுமார் 4,500 கோடி ரூபாயில் 1,600 ஓட்டுநர் பயிற்சி நிலையங்கள் அமைக்கப்படும் என்றார். அப்போதும் பற்றாக்குறை அதே 22 லட்சம்தான். ஒன்று, இடைப்பட்ட ஆண்டுகளில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அல்லது, கதவை அகலத் திறந்து வைத்தும் உள்ளே வர ஆளில்லை. இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

2020-இல் சேவ் லைஃப் பவுண்டேஷன் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு பத்து நகரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லாரி ஓட்டுநர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டது. அவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 12 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக, 400 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார்கள். பாதிப் பேர், களைப்பும் தூக்கமும் வந்த நிலையிலும் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். தம் குடும்பத்தாருக்கோ உறவினருக்கோ இந்த வேலையைப் பரிந்துரைக்க மாட்டோம் என்றவர்கள் 84 விழுக்காடு. 22 லட்சம் என்ற எண்ணுக்கான விளக்கம் பெரும்பாலும் இந்த 84-க்குள்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஆனால் இதே ஓட்டுநர்களிடம் வண்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் தொனி மாறிவிடும். எந்த மலையை எந்த கியரில் இறக்கினேன், எத்தனை வருடமாக ஒரு பெட்டி சரக்குகூடச் சேதமில்லாமல் இறக்கினேன், ஓனர் வேறு யாரிடமும் தராத புது வண்டியை என்னிடம் சாவி கொடுத்தார் என்று கதை நீளும். தன் தொழிலில் இவ்வளவு பெருமை உள்ளவர் தன் மகனை ஏன் அதற்குள் விட மறுக்கிறார்? சம்பளம், தூக்கம், போலீஸ் என்று பதில் சொல்லிவிடலாம். அவை பொய்யில்லை. ஆனால் 30 ஆண்டுகளுக்கு முன்பும் அவை இருந்தன. அப்போது ஆள் வந்துகொண்டே இருந்தது. இடையில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டாவது ஆள் அது.

இதைப் பார்க்கச் சேலம்–நாமக்கல் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துக்கொண்டே இருந்த ஊர்களில் காட்டை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்த குடும்பங்கள் சக்கரத்தின் மேல் ஏறின. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் பேர் போனது, சங்ககிரி லாரிக்கு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு டேங்கர்கள், கோழிப்பண்ணைகள், அவற்றின் முட்டையை ஏற்றிச் செல்லும் வண்டிகள். 1997-இல் தனி மாவட்டமாகும் முன்பே அது லாரி ஊர்தான். புது வண்டி எடுத்தால் 18 அடி ஆஞ்சநேயர் முன் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் முதல் லோடுக்குக் கிளம்பும்.

பட்டறைகளுக்கு ஒரு காலத்தில் வந்து சேர்ந்தது வெறும் சேசிஸ். எஞ்சின், சட்டம், சக்கரம், ஸ்டீயரிங். ஓட்டி வருபவருக்கு ஒப்புக்கு ஓர் இருக்கை. கண்ணாடியோ கதவோ கூரையோ இல்லாமல் மழையிலும் வெயிலிலும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தொழிற்சாலையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் ஓட்டி வருவதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். மரமும் இரும்பும் தகரமும் கொண்டு கேபினும் பாடியும் பட்டறையில் எழும். எங்கே படுக்கை, எவ்வளவு நீளம், சாமி படம் எந்த இடத்தில், ஸ்டவ்வும் அரிசியும் வைக்கும் பெட்டி எந்தப் பக்கம் என்று வண்டி ஓட்டப் போகிறவரும் ஆசாரியிடம் நின்று சொல்வார். வண்டி அவர் பேரில் இருக்காது. ஆனாலும் அவர் சொல்லித்தான் அது வீடாகும். இன்று கம்பெனிக் கேபின்களே பெருமளவு வருகின்றன. 2025 முதல் புதிய நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். தார்ச்சாலைச் சூட்டோடு எஞ்சின் சூட்டையும் சேர்த்து அனுபவித்தவர்களுக்கு இது காலம் கடந்து வந்த நியாயம். பட்டறைக் கேபின் போனதை எண்ணி ஏங்குவது, அதில் படுத்து உறங்க வேண்டியிராத என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம்.

பெருமை எதில் இருக்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வேகத்தில் இல்லை. முட்டை லோடை எடுத்துக்கொள்வோம். அட்டைக்கு 30 முட்டை. அட்டைமேல் அட்டையாக ஆளுயரத்துக்குமேல் அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்ட வேண்டும். இழுத்துக் கட்டினால் ஓரத்து அட்டைகள் நொறுங்கும். தளர விட்டால் முதல் வளைவில் அடுக்கு சாயும். பாடியின் பக்கவாட்டுக் கொக்கியில் கயிற்றை மாட்டி, மறுபக்கம் எறிந்து, அங்கே ஒரு சுருக்குப் போட்டு, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்துத் தொங்கி இறுக்கும்போது எந்த இடத்தில் நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். பிறகு பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குள் போகும்வரை ஒவ்வொரு வேகத்தடையும் ஒரு பரீட்சை. இறக்கும் இடத்தில் உடைசல் குறைவாக இருந்தால் அங்கே யாரும் பாராட்ட மாட்டார்கள். அடுத்த லோடுக்கு அதே டிரைவர்தான் வேண்டும் என்று வியாபாரி போனில் சொல்வார். பாராட்டு இந்தத் தொழிலில் வரும் வடிவம் அதுதான்.

அடுத்தது தொப்பூர். பெங்களூரிலிருந்து தருமபுரி வழியாகச் சேலத்துக்கு வரும் தேசிய நெடுஞ்சாலை 44 அந்தக் கணவாயில் வளைந்து வளைந்து இறங்குகிறது. விபத்துச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் இடம். பழைய டிரைவர்களின் விதி எளிது: எந்த கியரில் ஏற வேண்டுமோ அந்த கியரிலேயே இறங்கு. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி விட்டுவிட்டு, பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட வேண்டும். பிரேக்கிலேயே காலை வைத்து இறக்கினால் டிரம் கொதித்து, லைனர் பிடிப்பை இழக்கும். அதன்பின் மிதித்தாலும் வண்டி நிற்காது. நியூட்ரலில் விட்டால் எஞ்சின் பிடிப்பு அடியோடு போய்விடும். சரக்கோடு சேர்த்து 28 டன் வண்டி சரிவில் உருளும்போது காற்று பிரேக்கை மட்டும் நம்பியிருக்க வேண்டும்.

தெரிந்தும் ஏன் நியூட்ரல் போடுகிறார்கள்? டீசல். பல வண்டிகளில் ஒரு டிரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று ஓனர் கணக்கு வைப்பார். மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு, கூடினால் அவர் கையிலிருந்து. லோடு வண்டி லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் கொடுப்பதே பெரிது. பத்து நிமிட இறக்கத்தை நியூட்ரலில் கழித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசாவது தேறும் என்ற கணக்கு காலங்காலமாக ஓடுகிறது. இதில் வேடிக்கை, இப்போதைய மின்னணு எஞ்சின்களில் கியரிலேயே வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது தானாக நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க எண்ணெய் குடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 6 தரத்தில் வந்த லாரிகள் எல்லாமே இந்த வகைதான். இதை டிரைவருக்கு யார் சொல்வது? வண்டியை விற்ற கம்பெனி ஓனருக்கு ஒரு புத்தகம் தருகிறது. ஓட்டுகிறவரிடம் அது போய்ச் சேர்வதில்லை. பழைய குருவிடம் கற்றவர் பழைய பாடத்தையே வைத்திருக்கிறார். புதிதாக வருபவருக்கோ குருவே கிடையாது.

குரு என்றேன். அந்த ஏற்பாட்டைத்தான் கிளீனர் வேலை என்று ஊர் அழைத்தது. பதினாறு, பதினேழு வயதில் பையன் ஒருவன் வண்டி ஏறுவான். கண்ணாடி துடைப்பது, டயருக்குக் காற்றுப் பார்ப்பது, ரேடியேட்டருக்குத் தண்ணீர், தார்ப்பாய் மடிப்பது, சோறு ஆக்குவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டிக் குரல் கொடுப்பது. இரவில் டிரைவரிடம் பேச்சுக் கொடுத்து அவர் கண் சொருகாமல் பார்த்துக்கொள்வதும் அவன் வேலைதான். "அண்ணா, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாங்ணா" என்று அவன் சொன்ன நேரங்களில் காப்பாற்றப்பட்ட உயிர்களுக்குக் கணக்கு இல்லை. ஓரிரு வருடம் கழித்து லாரி ஷெட்டுக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தக் கொடுப்பார்கள். அப்புறம் ஆளில்லாத சாலையில், காலி வண்டியில். பிறகு லோடோடு. 20 வயதானால்தான் போக்குவரத்து வாகன உரிமம் கிடைக்கும் என்கிறது சட்டம். அந்த வயது வரும்போது அவனுக்கு நாலு மாநிலத்துச் சாலையும், எந்த எடைமேடையில் எப்படிப் பேச வேண்டும் என்பதும், எந்தத் தாபாவில் வண்டியை விட்டால் டீசல் திருடு போகாது என்பதும் தெரிந்திருக்கும்.

இந்தப் பள்ளியை மிகைப்படுத்திப் புகழ வேண்டாம். அடி உண்டு, வசவு உண்டு. சம்பளம் என்று சொல்ல எதுவும் இருக்காது, படிக்காசுதான். சட்டம் அனுமதிக்காத வயதில் ஏற்றப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். நியூட்ரல் போட்டதும், தூக்கத்தை விரட்டக் கண்டதையும் மென்றதும் அங்கே கற்றவையே. ஆனாலும் காசில்லாத ஒருவன் காசு கட்டாமல் ஒரு தொழிலை முழுசாகக் கற்றுக்கொள்ள வழி இருந்தது. கற்றதற்குப் பிறகு ஏற ஒரு படியும் இருந்தது.

அந்தப் படி, சொந்த வண்டி. கிளீனராக ஏறி, டிரைவராகி, சீட்டுப் பிடித்தும் பைனான்ஸ் வாங்கியும் பழைய லாரி ஒன்றை எடுத்து, தானே ஓட்டி, பிறகு இரண்டு மூன்று வண்டிக்கு ஓனரானவர்களின் கதை சங்ககிரியில் தெருவுக்கு ஒன்று கேட்கலாம். வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத இவர்களை நம்பி, பழைய லாரிக்குக் கடன் கொடுத்தே ஒரு பெரும் நிதி நிறுவனம் வளர்ந்தது: 1979-இல் சென்னையில் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ். சொத்துப் பத்திரம் இல்லாதவனுக்கு அவனுடைய ஓட்டும் கையே ஈடு என்று அது கணித்தது. அந்தக் கணிப்பு பெரும்பாலும் பொய்க்கவில்லை. இந்திய லாரிகளில் முக்கால் பங்கு, ஐந்து வண்டிக்கு மேல் இல்லாத சிறு உரிமையாளர்களிடமே இருப்பதாக நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கைகள் சொல்கின்றன. இந்தச் சிறு உரிமையாளர்களில் பலர் முன்னாள் டிரைவர்கள், முன்னாள் கிளீனர்கள். டிரைவரின் பெருமை வெறும் கைத்திறன் பெருமையாக மட்டும் இருந்ததில்லை. நாளைக்கு நானும் ஓனர் என்ற நினைப்பு அதற்குள் இருந்தது.

கிளீனர் மறைந்தது ஒரே நாளில் நடக்கவில்லை, யாரும் சதி செய்தும் நடக்கவில்லை. சாலை நான்கு வழியானது. பவர் ஸ்டீயரிங் வந்தது, டியூப்லெஸ் டயர் வந்தது. வழி கேட்க ஆள் தேவையில்லை, செல்போன் சொல்லிவிடும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் மாநில எல்லை வணிகவரிச் சோதனைச்சாவடிகளில் காகிதக் கட்டோடு ஓடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி முதல் பாஸ்டேக் கட்டாயமானதால் சுங்கச்சாவடியில் கையை நீட்டக்கூட ஆள் வேண்டாம். மறுபுறம் டீசலும் இன்ஷூரன்ஸும் சுங்கமும் ஏறின, வாடகை ஏறவில்லை. 2018 ஜூலையில் அனுமதிக்கப்பட்ட எடை உயர்த்தப்பட்டது. மூன்று அச்சு கொண்ட, இந்தப் பக்கம் டாரஸ் என்று அழைக்கப்படும் பத்துச் சக்கர வண்டிக்கு 25 டன் என்பது 28.5 டன் ஆனது. நாட்டின் லாரிகளுக்குக் கூடுதல் கொள்ளளவு கிடைத்தது. சரக்கு கூடவில்லை. விளைவு, லோடு கிடைக்காமல் ஹால்ட் போடும் நாட்கள் கூடின, வாடகை மேலும் அடி வாங்கியது. செலவில் எதை வெட்டுவது என்று பார்த்த சிறு ஓனருக்கு வெட்ட முடிந்தது ஒன்றுதான். ஒருவரின் படியும் சோறும்.

அந்த வெட்டின் கணக்கு அன்றைக்கு லாபமாகத்தான் தெரிந்தது. பத்து வருடம் கழித்து, அதே ஓனர் தன் வண்டிக்கு டிரைவர் கிடைக்காமல் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். வண்டிகள் ஷெட்டில் நிற்கின்றன. டிரைவர்களை உருவாக்கிய இடத்தை மூடியது அவர்தான். அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த இடத்துக்கு அவர் ஒருவரே தன் கைக்காசைப் போட்டுக்கொண்டிருந்தார். அரசும் போடவில்லை, சரக்கு அனுப்பும் ஆலைகளும் போடவில்லை.

சட்டம் இந்த மனிதர்களை எப்படிப் பார்த்தது? 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர வண்டிக்கு மிஞ்சிப் போனால் நாளைக்கு 10, வாரத்துக்கு 54. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரைமணி ஓய்வு. வார விடுமுறை. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தியது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இந்த நேர வரம்பைப் போக்குவரத்து வாகனம் ஓட்டும் எவருக்கும் நீட்டியது உண்மை. ஆனால் பதிவேடு, ஓய்வறை, ஆய்வாளர் என்ற ஏற்பாடெல்லாம் 1961 சட்டத்துக்குள் இருந்ததால், ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவரின் மணிக்கணக்கை யாரும் கேட்டதில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட புதிய தொழிலாளர் தொகுப்புகளில் ஒன்று அந்தப் பழைய சட்டத்தை உள்வாங்கிக்கொண்டது. அதில் வரம்பு ஐந்து இல்லை, பத்து. முக்கால் பங்கு வண்டிகள் ஐந்துக்கு மேல் வைத்திராதவர்களிடம் இருக்கும் ஒரு தொழிலில், பத்துப் பேராவது உள்ள இடத்தைத்தான் சட்டம் எட்டிப் பார்க்கும் என்றால் அது யாருக்கான சட்டம்?

இதைவிட ஆழமாகக் குத்துவது மரியாதை பற்றிய கவலை. 1986-இல் சென்னையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட பிறகு, நோயைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் 'பாலம்' என்று தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் வகைப்படுத்திய பிரிவினரில் லாரி ஓட்டுநர்களும் இருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் நடந்த விழிப்புணர்வுப் பணி பல உயிர்களைக் காத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தொழிலின் மேலேயே ஒட்டிய அந்தச் சந்தேகம் நோய் குறைந்த பிறகும் உரியவில்லை. மாப்பிள்ளை லாரி டிரைவர் என்றால் பெண் வீட்டார் எழுந்துவிடும் ஊர்களில் நாமக்கல் வட்டார ஊர்களும் உண்டு. பஸ் டிரைவர் என்றால் உட்கார்ந்து பேசுவார்கள், அதுவும் அரசுப் பேருந்து என்றால் காபி வரும். ஒரே உரிமம், ஒரே சாலை.

2024 ஜனவரி 1, 2 தேதிகளில் வட மாநிலங்களில் லாரிகள் நின்று, பெட்ரோல் பங்க்குகளில் கூட்டம் அலைமோதியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மரணம் விளைவிக்கும் விபத்துக்குப் பிறகு காவல்துறைக்குத் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்றது. பழைய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு அதிகபட்சம் இரண்டு ஆண்டு. அடிபட்டவரை விட்டு ஓடுவது தவறு என்பதில் டிரைவர்களுக்கே மாற்றுக் கருத்து இல்லை. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும் என்பதுதான் அவர்கள் சொன்னது. எதிரே வந்தவன் தப்பானாலும் பெரிய வண்டிதான் குற்றவாளி என்பது நம் சாலைகளின் எழுதாத தீர்ப்பு. அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரசோடு பேசிய உள்துறை, கலந்துபேசாமல் அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்றது. 2024 ஜூலை 1-இல் புதிய சட்டம் வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. சிறுவர்களாக, கிளீனர்களாக ஏறி வந்த ஒரு கூட்டம், நாடே தன்னைக் குற்றவாளியாகத்தான் பார்க்கிறது என்று அந்த இரண்டு நாட்களில் உரக்கச் சொன்னது. நகரத்துக்குக் கேட்டது பெட்ரோல் தட்டுப்பாடு மட்டும்தான்.

எதிர்காலம் பற்றிய பேச்சு எடுத்தால் உடனே ஓட்டுநரில்லா வண்டிக்குப் போய்விடுகிறோம். அமெரிக்காவில் அரோரா என்ற நிறுவனம் 2025-இல் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே ஆளில்லாமல் சரக்கு லாரி ஓட்டத் தொடங்கியது. சில வாரங்களிலேயே, லாரியைத் தயாரித்த பக்கார் நிறுவனம் கேட்டுக்கொண்டதால், முன் இருக்கையில் ஒருவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். இங்கே கட்கரி, 70, 80 லட்சம் ஓட்டுநர்களின் வேலை போகும், எனவே அத்தகைய கார்களை இந்தியாவுக்குள் விட மாட்டேன் என்று 2023 டிசம்பரில் நாக்பூரில் பேசினார். ஆடும் மாடும் டூவீலரும் எதிர்த்திசை டிராக்டரும் ஓடும் சாலையில் அந்த ஆபத்து இன்றைக்கு வாசலுக்கு வரப்போவதில்லை. டிரைவர்கள் அஞ்சும் மாற்றங்கள் இதைவிடச் சின்னவை, அதிகம் நெருங்கிவிட்டவை.

ஒன்று, கண்காணிப்பு. ஜிபிஎஸ், டீசல் டேங்குக்கு சென்சார், கேபினுக்குள் முகத்தைப் பார்க்கும் கேமரா. வண்டி எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று ஓனரின் போன் கேட்கிறது. சமூகவியலாளர் கேரன் லெவி, அமெரிக்க லாரிகளில் ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவி 2017 டிசம்பரில் கட்டாயமானதை வைத்து எழுதிய 'டேட்டா டிரிவன்' நூலில் ஒன்றைக் காட்டுகிறார்: தூக்கமின்றி ஓட்டக் காரணம் மைல் கணக்கில் கூலி கொடுக்கும் முறை, அதைத் தொடாமல் மனிதனை மட்டும் அளக்க ஆரம்பித்தார்கள். நமக்கும் அது அப்படியே பொருந்தும். டிரிப் கணக்கிலும் வாடகையில் பங்காகவும் கூலி கொடுத்துவிட்டு, ஏன் தூங்காமல் ஓட்டினாய் என்று கேமராவை வைத்துக் கேட்பது. அதோடு பாரத் ஸ்டேஜ் 6 வண்டி வழியில் மக்கர் பண்ணினால் ஸ்பேனரை எடுக்க முடியாது. கம்பெனி மெக்கானிக் லேப்டாப்போடு வர வேண்டும். டிரைவரும் பாதி மெக்கானிக் என்ற பழைய கெத்து அங்கேயே முடிந்தது.

இன்னொன்று, ரிலே முறை. 2014-இல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம், ஒரு டிரைவர் நாலைந்து மணி நேரம் ஓட்டி அடுத்தவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, எதிர்த்திசை வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்பும் ஏற்பாட்டைச் செய்தது. வீட்டுச் சோறு, சொந்தப் படுக்கை. பெண் கிடைக்காத பிரச்சினைக்கும் இது மருந்துதான். 2022-இல் அதன் முக்கியத் தொழில் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸுக்கு விற்கப்பட்டது. தள்ளாடியது ரிவிகோதான், யோசனை தவறில்லை. இதில் வண்டி எவருக்கும் சொந்தமாகத் தோன்றாது, சொந்த வண்டிக்கான வழியும் இல்லை. மாதச் சம்பளக்காரராகவே இருந்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், பெருமையில் பாதி போனாலும் இரவில் வீடு திரும்பும் வேலையே மேல் என்பேன். ஒரு டிரைவரின் மனைவியைக் கேட்டால் கேள்வியே எழாது.

மின்சார லாரி வரும். ஒன்றிய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் 5,600 மின் லாரிகளுக்கு உதவி. ஒரு வண்டிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை. ஆனால் டீசல் லாரியைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள வண்டியை, சார்ஜ் போடும் இடத்தோடு சேர்த்து, வாங்கப் போவது சிமென்ட் ஆலைகளும் துறைமுக நிறுவனங்களும். பழைய லாரியை பைனான்ஸில் எடுத்து மேலே வந்தவருக்கு அந்த வாசலில் இடமில்லை.

நாமக்கல் டேங்கர்க்காரர்களுக்கு நிலத்தடியிலும் போட்டி இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 27 இரவு, கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து தீப்பிடித்து 20 பேர் மாண்டார்கள். குழாய் மூலம் கொண்டுசென்றால் சாலையில் இந்த ஆபத்து இல்லை என்ற வாதத்துக்கு அதன்பின் மறுப்பே இல்லாமல் போயிற்று. கொச்சியிலிருந்து கோவை, ஈரோடு வழியாகச் சேலம் வரையிலான எரிவாயுக் குழாய்த் திட்டம் அந்த வாதத்தின் பலன்களில் ஒன்று. குழாய் பாதுகாப்பானது, அதை எதிர்த்து எழுத என்னால் முடியாது. ஆனால் அது போய்ச் சேரும் ஊர்களைப் பாருங்கள். டேங்கர் டிரைவர்களின் சொந்த ஊர்கள் அவை.

இப்போது 2025 மார்ச் இறுதிக்கு வருவோம். எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்த நிபந்தனைகளை எதிர்த்து நாமக்கல்லைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மண்டல எரிவாயு டேங்கர் உரிமையாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். சில நாட்களில் போராட்டம் முடிந்தது. நிபந்தனைகளில் ஒன்று, வண்டியில் மாற்று ஓட்டுநரோ கிளீனரோ இல்லாவிட்டால் அபராதம். எரிவாயு ஏற்றிய வண்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஒருவர் கிடைப்பதே கஷ்டம், இன்னொருவருக்கு எங்கே போவது என்று உரிமையாளர்கள் கேட்டதும் நியாயமே. இரண்டாவது இருக்கையைக் காலி செய்த கணக்கு இப்படித்தான் திரும்பி வந்து நிற்கிறது.

அந்த இருக்கையை நிரப்பக் காசு எங்கிருந்து வரும் என்பதே கேள்வி. தொழில் பழகுநர் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2016 முதல் பழகுநரின் உதவித்தொகையில் ஒரு பகுதியை ஒன்றிய அரசே தருகிறது. ஆனால் நாலு பேராவது வேலை செய்யும் நிறுவனம்தான் அதில் சேர முடியும். இங்கேயும் ஒற்றை வண்டிக்காரர் வெளியே. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரி உரிமையாளர் சங்கங்கள் பல்லாண்டுகளாக வலுவாக இயங்குகின்றன. அந்தச் சங்கத்தையே வேலை தரும் நிறுவனமாக ஏற்று, சங்கத்தின் பேரில் பழகுநர்களைச் சேர்த்து, ஒற்றை வண்டிகளில் அனுபவமுள்ள டிரைவரின் பக்கத்தில் 18 வயது நிரம்பியவரை உதவித்தொகையோடும் காப்பீட்டோடும் உட்கார வைக்கலாம். கற்றுக்கொடுக்கும் டிரைவருக்கும் அதற்கென்று ஒரு தொகை தர வேண்டும்; இதுவரை அவர் இலவசமாகத்தான் வாத்தியார் வேலை பார்த்தார். 1,600 பயிற்சி நிலையங்களுக்கென்று ஒதுக்கப்படும் 4,500 கோடியில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். கட்டடம் கட்டி ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கலாம்; தொப்பூரில் லோடோடு இறங்கச் சொல்லிக்கொடுக்க தொப்பூருக்குத்தான் போக வேண்டும். ஒன்றிய அரசு சட்டத்தின் எண்ணிக்கை வரம்பைத் தளர்த்தட்டும். தமிழ்நாடு அரசு நாமக்கல்லில் நூறு வண்டிகளோடு இதைத் தொடங்கிப் பார்க்கட்டும்.